பைக் நிற்க ஓர் இடம்

இருங்காட்டுக்கோட்டையை விட்டு சர்வீஸ் ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். அம்மாவின் தலையில் துணிமூட்டை, இடுப்பில் ஒற்றை அடுப்பு. என் கையில் ஒரு வாளி, அதற்குள் தட்டும் டம்ளரும். அப்பாவின் வலது கை கழுத்திலிருந்து தொங்கிய துணியில் கிடந்தது. இடது கையில் கறுப்பு உறை போட்ட வேதாகமத்தைப் பிடித்திருந்தார். வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அவர் முதலில் எடுத்தது அதைத்தான். பக்தியால் எடுத்தாரா, ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய சாமான் அது ஒன்றுதான் என்பதால் எடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெயில் முதுகில் அடித்தது. கார்களை அடுக்கி ஏற்றிய லாரிகள் எங்களைத் தாண்டி சென்னைப் பக்கம் போயின. நான் கார்களைப் பார்க்கவில்லை. பின்னால் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் நின்று திரும்பிப் பார்த்தேன். "ரோட்டப் பாத்து நட" என்றாள் அம்மா. நான் எதற்காகப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அடுப்பை என் தலையில் போட்டிருப்பாள்.

அன்று காலையில்தான் சபையில் நான் முதல்முதலாகச் சாட்சி சொல்லியிருந்தேன்.

எங்கள் சபை தகரக் கூரை போட்ட ஒரு நீள ஷெட். இடம் மூப்பருடையது. மூப்பர் என்றால் சபையில் பாஸ்டருக்கு அடுத்தவர் என்று பெயர். உண்மையில் பாஸ்டரே அவரைக் கேட்டுத்தான் பிரசங்கத்தை முடிப்பார். வாரநாட்களில் அவர் லேபர் காண்டிராக்டர். சுற்றியிருந்த கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராதவனுக்குத் திங்கட்கிழமை ஓவர்டைம் கிடைக்காது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சபை வளர்ந்துகொண்டே போனது. பாஸ்டர் அதை ஆவிக்குரிய எழுப்புதல் என்றார்.

நாங்கள் இருந்த லைன் வீடும் மூப்பருடையதுதான். அப்பா அவருடைய ஆளாக ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். வேலை, வீடு, வேதம் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தன. அதில் ஒரு வசதி இருந்தது. எவனுக்குப் பயப்பட வேண்டும் என்ற குழப்பம் இல்லை.

சாட்சி சொல்வதென்றால், கர்த்தர் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வது. முதலில் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அப்புறம் வந்த கஷ்டம், அப்புறம் அது தீர்ந்த விதம். கடைசியில் எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார வேண்டும். ஞாயிறு பள்ளியில் இந்த வரிசையை எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். என் வயதுப் பிள்ளைகள் காய்ச்சலையும் கணக்குப் பரீட்சையையும் வைத்துச் சாட்சி சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். எனக்குக் காய்ச்சலே வராது. கணக்கில் தேறியதும் இல்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் வாரா வாரம் உட்கார்ந்திருந்தேன்.

சாட்சியைவிடப் பெரியது அறிக்கை. இன்னும் கைக்கு வராத ஒன்றை, வந்துவிட்டதாக வாயால் சொல்லிவிடுவதற்குத்தான் எங்கள் சபையில் அப்படிப் பெயர். நம்பிச் சொன்னால் பின்னாலேயே வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, கர்த்தர் எனக்கு பிரிட்ஜ் கொடுத்துவிட்டார் என்று அறிக்கை செய்துவிட்டு, பத்தடி அறையில் ஒரு மூலையை ஒழித்து வைத்தாள். அங்கே யாரும் ஒரு குடத்தைக்கூட வைக்கக் கூடாது. அவளுடைய புருஷன் தெரியாமல் தண்ணீர்க் கேனை வைத்ததற்கு, "பிரிட்ஜ் மேல கேனை வைக்கிறியே, கண்ணு தெர்லயா" என்று சண்டை பிடித்தாள். சில மாதங்களில் பிரிட்ஜ் வந்தது. நான் கண்ணால் பார்த்தேன். தவணையில் வாங்கியது என்பதை அவள் சாட்சியில் சேர்க்கவில்லை.

இதே அக்காவுக்கு இன்னொரு வரமும் இருந்தது. யாருடைய வீட்டுக் கதையைச் சொல்வதற்கு முன்னாலும், "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பாள். அப்படி ஆரம்பித்துவிட்டால் அது புறணி ஆகாது.

அப்பாவின் கை மெஷினில் மாட்டிய அன்று அவரைத் தண்டலம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் தப்பின. மற்றவை போயின. அம்மா அழுது முடித்தபின் எப்படி நடந்தது என்று கேட்டாள். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டாம். அதனால் வேலை அடிக்கடி நிற்கிறதென்று அதை ஒயரால் கட்டி வைத்திருந்தார்களாம். அப்பா இதை மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மூப்பர் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். ஜெபம் செய்தார். கண்ணைத் திறந்ததும் அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரதர், நமக்குள்ள போலீஸ் கேஸுன்னு எதுவும் வேணாம். பைக்ல போகச்சொல்ல வுழுந்துட்டேன்னு சொல்லிடுங்க. கை ஆறினதும் கேட்ல செக்யூரிட்டி வேலை என் பொறுப்பு. வூட்லயும் நீங்களே இருங்க."

"எனக்கு பைக் ஓட்டவே தெரியாதுங்கய்யா" என்றார் அப்பா.

"வாயால அறிக்கை பண்ணுங்க பிரதர். மத்ததைக் கர்த்தர் பாத்துக்குவாரு."

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரியவர்கள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மூப்பரே நேரில் வந்து எங்களை ஒரு பைக்கை அறிக்கை செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார். வீடு திரும்பியதும் வாசலில் கிடந்த தண்ணீர் டிரம்மை உருட்டி அந்தப் பக்கம் தள்ளினேன். உடைந்த நாற்காலியைத் தூக்கிப் பின்னால் போட்டேன். ஒரு பைக் தாராளமாக நிற்கும்படி இடம் ஆனது. அதில் அம்மா ஈரத்துணி காயப்போட்டபோது எடுத்துவிட்டேன். அவளுக்குக் கேட்கத் தெம்பில்லை.

கை ஆறுவதற்குள் சபையின் ஆண்டு விழா வந்தது. அப்பா வேலை செய்த கம்பெனியின் பெரிய மேனேஜரை மூப்பர் அழைத்திருந்தார். எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, அவருக்கு மட்டும் மெத்தை வைத்தது. அவர் கிறிஸ்தவர் இல்லை. பாட்டுக்கு எல்லோரும் கைதட்டும்போது ஒரு தட்டு பின்தங்கித் தட்டினார். கம்பெனிக்குள் ரத்தம் சிந்தியதை ஷிப்ட் ஆட்கள் மேலே சொல்லாமல் மறைத்திருந்தார்கள்; அது அவருக்குத் தெரிந்தால் விசாரணை வரும், மூப்பரின் காண்டிராக்ட் போகும். பைக்கில் விழுந்தான் என்று மூப்பர் ஏற்கனவே சொல்லியிருந்தும் மேனேஜருக்குச் சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது. அப்பாவின் வாயாலேயே, அதுவும் பீடத்துக்கு முன்னால், அவர் கேட்கட்டும் என்று மூப்பர் ஏற்பாடு செய்திருந்தார். இந்தக் கணக்கெல்லாம் நான் வளர்ந்தபின் போட்டுக்கொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பா சரியாகச் சொல்லிவிட்டால் கேட் வேலை வரும், வீடு போகாது. அம்மா முந்தைய நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ரெண்டு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்து குந்து."

அப்பா எழுந்து போனார். மைக்கை இடது கையில் வாங்கினார்.

"ஸ்தோத்திரம். போன மாசம் நான்... பைக்ல..."

அதோடு நின்றார். கீபோர்டு வாசிப்பவருக்கு ஒரு பழக்கம். சாட்சி சொல்கிறவர் தொண்டை அடைத்து நின்றால் சோகமாக ஒரு ராகத்தைப் பிடித்துவிடுவார். அதைப் பிடித்தார். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று சனங்கள் அல்லேலூயா சொன்னார்கள். பிரிட்ஜ் அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்பா மைக்கைப் பார்த்தபடி நின்றார். மூப்பர் தலையை ஆட்டி ஆட்டி அவரை முன்னால் தள்ளினார். வார்த்தை வரவில்லை.

அப்பாவுக்கு விசுவாசம் போதவில்லை என்று எனக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் போனால் பைக் கைவிட்டுப் போகும். நான் எழுந்து ஓடி அவரிடமிருந்து மைக்கை வாங்கினேன். வரிசைதான் எனக்குத் தெரியுமே.

"ஸ்தோத்திரம். எங்கப்பா கை பிரஸ் மிஷின்ல மாட்டிக்கிச்சி. கை உள்ள போனா நிக்கிற சென்சாரை ஒயர் போட்டுக் கட்டி வெச்சிருந்தாங்களாம். ஆனாலும் கர்த்தர் கட்டை வெரலைக் காப்பாத்தினாரு. எங்க கைல பைக் இல்ல. மூப்பர் ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்து, பைக்ல வுழுந்தேன்னு அறிக்கை பண்ணச் சொன்னாரு. அப்பாவுக்கு இன்னும் அந்த விசுவாசம் வர்ல. எனக்கு வந்துச்சி. வாசல்ல எடம் வுட்டு வெச்சிகிறேன். பைக் சீக்கிரம் வர்றதுக்கு எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க."

பின்வரிசையில் ஒருவர் மட்டும் பழக்கத்தில் ஆமென் என்றார். ஷெட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஜெபம் பண்ணிக்கோங்க என்பது ஒரு நொடி தாமதமாக எனக்கே திரும்பக் கேட்டது. கீபோர்டுக்காரர் மட்டும் நிறுத்தவில்லை.

எனக்கு யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் எழுந்து எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். நீண்ட ஜெபம் அது. தேசத்துக்காக, அதிகாரிகளுக்காக, செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்பதற்காகக்கூட ஜெபித்தார். பைக்கை மட்டும் விட்டுவிட்டார். கண்ணைத் திறந்தபோது மெத்தை நாற்காலி காலியாக இருந்தது. அந்த மேனேஜர் பிறகு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. மூப்பரின் ஆட்கள் அதே கம்பெனிக்குத் தொடர்ந்து போனார்கள் என்று மட்டும் பல வருடம் கழித்து ஒருவன் சொன்னான். சென்சாரில் இன்னும் அந்த ஒயர் இருக்கிறதா என்று அவனிடம் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் சபையில் யாரும் கோபப்பட மாட்டார்கள். பிரியாணி பரிமாறும்போது மூப்பரே என் தட்டில் கூடுதலாக ஒரு கறித்துண்டு வைத்தார். "நல்லாப் பேசுன தம்பி" என்றார். நான் அதை நம்பினேன். சாப்பாட்டுக்குப் பின் அப்பாவை ஓரமாக அழைத்தார்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க பிரதர். அந்த வூட்டுக்கு கர்த்தரோட ஊழியக்காரர் ஒருத்தரு குடும்பத்தோட வர்றாரு. இன்னிக்கி சாயந்திரமே வேணும். கர்த்தர் உங்களுக்கு இதவிடப் பெரிசா வெச்சிருப்பாரு."

"அந்த கேட் வேலை..."

"ஜெபிப்போம் பிரதர்."

எங்கள் சபையில் ஜெபிப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது எனக்கே தெரியும்.

நாங்கள் மூட்டை கட்டும்போது பிரிட்ஜ் அக்கா வந்து வாசலில் நின்றாள். உங்களுக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். அவள் கண் எங்கள் ஜன்னலை அளந்தது. எங்கள் அறைக்கு ஜன்னல் உண்டு, அவளுடையதற்குக் கிடையாது. "ஊழியக்காரர் குடும்பம் நெஜமாவே வருதா, இல்ல வூடு காலியாத்தான் கெடக்குமா? ஜெபத்துக்காகத்தான் கேக்கறேன்" என்றாள்.

அம்மா அடுப்பைத் தூக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பா குறுக்கே வந்தார்.

"அவன வுடு. எனக்கு வராதது அவனுக்கு வந்துச்சி."

விசுவாசத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாசலில் நான் ஒதுக்கிய இடத்தைத் தாண்டித்தான் தெருவில் இறங்கினோம்.

தண்டலம் வந்தபோது அம்மாவால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. பூட்டியிருந்த ஒரு பஞ்சர் கடையின் முன்னால் படுத்தோம். அப்பா வேதாகமத்தை எனக்குத் தலைக்கு வைத்தார். கெட்டியாக இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

காலையில் பக்கத்து டீக்கடை திறந்தது. அப்பா போய் வேலை கேட்டார். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"ஒத்தக் கைய வெச்சிகினு இன்னா வேலை செய்வ நைனா? பையன் வோணா நிக்கட்டும். கிளாஸ் கழுவுவானா?"

"கழுவுவான்" என்றார் அப்பா. பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும்தான் என்று அம்மா பின்னாலிருந்து சேர்த்தாள். அது யார் காதிலும் விழவில்லை.

"கை இன்னாச்சி? கம்பெனி விவகாரம் எதுனா இருந்தா இப்பவே சொல்லிடு. நான் கம்பெனிங்களுக்கு டீ சப்ளை பண்றவன். எனக்கு வம்பு வாணாம்."

கீபோர்டு இல்லை, மைக் இல்லை. அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"சேச்சே. பைக்ல வுழுந்துட்டேங்க."

சொல்லிவிட்டு அவர் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். என் முகத்தை ஏன் பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. என் மனம் நிறைந்திருந்தது. ஒரு வழியாக அவருக்கும் விசுவாசம் வந்துவிட்டது. எனக்குள் ஆமென் சொல்லிக்கொண்டேன்.

கடைக்காரர் எனக்குச் சொன்ன முதல் வேலை, வாசலில் இறைந்து கிடந்த காலிப் பால் டிரேக்களை அடுக்குவது. சுவர் ஓரமாக, ஒரு பைக் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு அடுக்கினேன்.