ரெண்டு ஓட்டுக் கவுன்சிலர்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், வெல்டா குரூகர் கடைக் கதவில் 'இதோ வந்துட்டேன்' அட்டையைத் தொங்கவிட்டு, சிவப்பு டிரக்கில் ஏறிவிடுவாள். "எங்க கிளம்பிட்டே?" என்று யாராவது கேட்டால், "வார்டு சுத்திப் பாக்க" என்பாள். வார்டு என்றால் ஒரே ஒரு தெரு. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் முழுக்க ஜெயிலின் கல் சுவர். அந்தச் சுவரை ஒட்டி ஆமையாக ஊர்ந்து போய், மேற்கு மூலையில் ஆற்றுப் பாலத்தருகே நிறுத்தி, ஹாரனை இரண்டு தரம் அடிப்பாள். உயரமான ஜன்னல்களுக்கு உள்ளேயிருந்து மினுக் மினுக்கென்று வெளிச்சம் பதில் சொல்லும். "எல்லாரும் ஆஜர்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்புவாள்.

அயோவாவில் ஆற்றங்கரை ஊர் வென்லாக். அங்கே தூண்டில் புழு விற்பதுதான் வெல்டாவின் தொழில். கடையில் இருப்பது ஒரே ஃபிரிட்ஜ். மேல் தட்டில் முட்டை சாண்ட்விச், கீழ்த்தட்டில் புழு டப்பா. புதிதாக வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள்: "மேல இருக்கிறது மனுஷனுக்கு, கீழ இருக்கிறது மீனுக்கு. மாத்திக் கடிச்சுட்டு என்கிட்ட வராதீங்க."

இவள் கவுன்சிலர் ஆனது இருக்கிறதே, வேலியில் போன ஓணானை யாரோ பிடித்து இவள் மடியில் விட்ட கதை. மக்கள்தொகைக் கணக்கு எடுப்பவர்கள் ஜெயிலுக்குள் இருப்பவர்களையும் ஊர்க்காரர்களாகச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். எல்லா வார்டிலும் தலை சமமாக இருக்க வேண்டும் என்று சட்டம். அதனால் இந்த வார்டில் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு தலை. நாற்பது ஐம்பதைத் தவிர மற்றதெல்லாம் கம்பிக்குப் பின்னால். அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. ஒருவருக்கு ஓர் அறை என்று கட்டிய ஜெயிலில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு ஆளை அடைக்க அடைக்க, ஊர் எல்லைப் பலகையில் ஜனத்தொகை ஏறிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்திலோ பிள்ளை இல்லாமல் வகுப்புகளை மூடினார்கள். இப்படியும் ஓர் ஊர் வளருமா, வளர்ந்தது.

கவுன்சிலர் தேர்தல் வந்த வருஷம் யாருமே போட்டியிடவில்லை. ஓட்டுச் சீட்டில் நம் இஷ்டப்படி ஒரு பெயரை எழுதிப் போடவும் அங்கே வழி உண்டு. வெல்டாவின் கணவன் ஆரின் குறும்புக்கு அவள் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டான். பக்கத்து வீட்டு கெர்டாவும் அதையே செய்தாள். வெல்டா ஓட்டுப்போடவே போகவில்லை; அன்றைக்குப் புழு வியாபாரம் பிரமாதம். விழுந்ததே அந்த இரண்டு ஓட்டுதான், அதிலேயே ஜெயித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஆரின் அவளை 'மாண்புமிகு' என்றுதான் கூப்பிடுவான்.

"மாண்புமிகு, சூப்புல உப்பு கம்மி."

"மனு எழுதிக் குடு. பரிசீலிக்கிறேன்."

அந்த மினுக்கல் என்னவென்று முதலில் அவளுக்குத் தெரியாது. ஏதோ கண்ணாடிச் சில்லு என்று நினைத்திருந்தாள். ஒருநாள் விடுதலையாகி வந்த ஓர் ஆள், பஸ் வரும்வரை கடையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றான். வாசலில் நின்ற சிவப்பு டிரக்கைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அந்த ரெண்டு ஹாரன் நீங்கதானா?"

"நான்தான். ஏம்ப்பா, தொந்தரவா இருந்துச்சா?"

"தொந்தரவா? எங்க அறைக்கு ஜன்னல் ஏதும்மா! முன்னால கம்பி, அதுக்கு அந்தப்பக்கம் நடைபாதை, அதையும் தாண்டித்தான் அந்தப் பெரிய ஜன்னல். முகம் பாக்குற கண்ணாடியக் கம்பிக்கு வெளிய நீட்டிச் சாய்ச்சுப் பிடிச்சா ஆறு தெரியும், பாலம் தெரியும், உங்க வண்டி தெரியும். மூணாவது மாடியில உங்களுக்கு என்ன பேரு தெரியுமா? செவ்வாய்க்கிழமை."

சாண்ட்விச்சுக்கு வெல்டா காசு வாங்கவில்லை. ஆரினிடம் மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பாள்: "மேயருக்கு ஊருல பேரு டுவேன். எனக்குப் பேரு செவ்வாய்க்கிழமை. யாருய்யா பெரிய ஆளு?"

இந்த வசந்த காலத்தில் வந்தது வினை. ஜெயிலை இன்னும் பெரிதாக்கப் போகிறார்களாம். தலைநகரிலிருந்து வந்த கட்டடக்கலை நிபுணர் நகரசபை மேஜையில் வரைபடத்தை விரித்தார். கட்டில், முக்காலி எல்லாம் சேர்த்து ஒரே வார்ப்பாகக் கான்கிரீட் அறைகளைத் தொழிற்சாலையிலேயே செய்து, லாரியில் கொண்டுவந்து, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்குவார்கள். அறைக்கு இரண்டு ஆள். எங்கே அடுக்குவது? மேற்குப் பக்கம், பழைய கட்டடத்தை ஒட்டி. நகரசபை அந்தத் தெருவோரத்தைத் தூக்கிக் கொடுத்தால் போதும்.

"அந்த மேற்கு ஜன்னலெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டாள் வெல்டா.

"ஒண்ணும் ஆகாதும்மா. ஜன்னல் அப்படியேதான் இருக்கும். முன்னால ஒரு சுவர் வரும், அவ்வளவுதான்."

ஊருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இறைச்சி ஆலை மூடியதிலிருந்து பாதிப் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். வெல்டாவின் மருமகன் கர்ட்டிஸும் அதில் ஒருவன். கடைக்கு வந்து, புழு டப்பாக்களை அடுக்கிக்கொடுத்தபடியே சொன்னான்.

"அத்தை, புது பிளாக் வந்தா எனக்குக் காவலர் வேலை நிச்சயம்னுட்டாங்க. வரலேன்னா டெக்சாஸ்தான். அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

"ட்ரூடி என்ன சொல்றா?"

"உங்க பொண்ணு அழறா. மேஸியைப் பாட்டிகிட்டருந்து பிரிக்கணுமேன்னு."

பேத்தி மேஸிக்கு நான்கு வயது. புழுவுக்கெல்லாம் பெயர் வைத்து, விற்கும்போது டாட்டா காட்டும் பிள்ளை. வெல்டாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

வாக்கெடுப்பு அன்று மன்றம் நிரம்பி வழிந்தது. ஐந்து உறுப்பினர்களில் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். இரண்டு பேர், ஜெயில் காசில் வளரும் ஊர் உருப்படாது என்று வேண்டாம் என்றார்கள். மிச்சம் வெல்டா.

"இங்க பாரு வெல்டா," என்றார் மேயர் டுவேன், "ஊரே ஒரு பக்கம் நிக்குது. உனக்கு ஓட்டுப் போட்டவங்க எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. அதுல ஒருத்தர் அந்தக் கடைசி வரிசையில குறட்டை விட்டுக்கிட்டிருக்காரு." மன்றமே சிரித்தது. ஆரின் திடுக்கிட்டு எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "ஆனா என் வார்டுல ஆயிரத்து முந்நூறு பேரு இருக்காங்க டுவேன். அவங்களை எண்ணித்தானே எனக்கு இந்த நாற்காலியே குடுத்தீங்க? எண்ணுறதுக்கு மட்டும் அவங்க வேணுமா? தப்புப் பண்ணாங்க, உள்ள இருக்காங்க. சரி. சாயங்கால வெளிச்சத்தையும் பிடுங்கணும்னு எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதலியே."

ஆரினுக்குப் பக்கத்தில் மகள் ட்ரூடி, மடியில் மேஸி. வெல்டா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம்" என்று கையைத் தூக்கினாள். ட்ரூடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

புது பிளாக் வேறு ஊருக்குப் போயிற்று. அந்த வாரக் கடைசியிலேயே கர்ட்டிஸ் சாமான்களை ஏற்றிவிட்டான். மேஸி பின் கண்ணாடி வழியாகப் பாட்டிக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனாள். ஆரின் தட்டைத் தூக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தான். மனுவும் இல்லை, மாண்புமிகுவும் இல்லை. கடையில் வாடிக்கையாளர்களும் புழுவை வாங்கிக்கொண்டு பேசாமல் நடந்தார்கள். "மீனுக்கு என் மேல கோபமில்ல, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று வெல்டா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. அட்டையைத் தொங்கவிட்டு டிரக்கில் ஏறினாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வராத ஆரின், மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். மேற்கு மூலை வந்தது. வண்டி நின்றது. ஜன்னல்களில் வெயில் வழிந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த வெல்டாவின் கைகள் அசையவே இல்லை. கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ஆரின் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தான்.

"நேரமாச்சு, மாண்புமிகு" என்றவன், அவள் கைகளுக்கு நடுவே தன் கையை நீட்டி, ஹாரனை இரண்டு தரம் அடித்தான்.