சத்தமாகப் பேசிய நாள்

என் சோற்று டப்பாவின் அடியில் ஒரு நசுங்கல் இருக்கிறது. தரையில் வைத்தால் ஆடும். தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் எல்லோரும் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். ஆனாலும் தூக்கிப் போடவில்லை.

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் சாலையில் ஓர் அரிசி ஆலையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். நெல்லை வேகவைக்கும் நீராவி, பாய்லரிலிருந்து ஒரு தடித்த இரும்புக் குழாய் வழியாகச் சுவரோரமாக வரும். களத்தில் நெல் காயவைக்கும் ஆறு பெண்களும் காலையில் வந்ததும் அந்தக் குழாயின்மேல் டப்பாக்களை வரிசையாக வைத்துவிடுவோம். மதியம் சோறு கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதன் அடியிலேயே காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவோம், ஊர்க்கதை ஒன்று விடாமல் பேசுவோம். ஆறு பேரும் நெசவுத் தெருப் பெண்கள். தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால், சுற்றிலும் சத்தம் கூடினால் எங்கள் குரலும் தானாகக் கூடிவிடும். கூடியதே எங்களுக்குத் தெரியாது.

பாய்லருக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தவரை பாய்லர் அண்ணன் என்போம். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். உமிக் குவியலுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். "வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா அண்ணா?" என்று நான்தான் அதிகம் சீண்டுவேன். சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். திமிர் பிடித்த மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மார்கழி மாதம். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் அவர் வந்து, குழாய்மேல் இருந்த எங்கள் டப்பாக்களைச் சாக்கால் பிடித்து ஒவ்வொன்றாகக் களத்தின் அந்தக் கோடியிலிருந்த புங்க மரத்தடிக்குக் கொண்டுபோனார். என் டப்பா கை நழுவி விழுந்து நசுங்கியது. எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா அண்ணா, பைத்தியம் புடிச்சிருக்கா? இன்னாத்துக்கு எடுத்துகினு போறே?"

"அங்க வேணாம்மா."

"ஏன்?"

"தெரிலம்மா. வேணாம்."

பேசும்போதே குழாய்ப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் பார்த்தேன், பார்த்தும் திட்டினேன். பாய்லரை நிறுத்தலாமா என்று மேஸ்திரியிடமும் கேட்டிருக்கிறார். காரணம் சொல்லத் தெரியாததால், போய் வேலையைப் பார் என்று மேஸ்திரி விரட்டிவிட்டார்.

மரத்தடியில் நாலு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டோம். குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. நாங்கள் தினமும் உட்காரும் இடம் வெள்ளைப் புகையில் மறைந்துபோனது. அடங்கிய பிறகு பார்த்தால், சுவரில் என் தலை சாயும் இடத்தில் பூச்சு தோல் உரிந்ததுபோல் தொங்கியது.

மறுநாள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். "தெரிஞ்சவன் வாயத் தொறந்து சொல்லியிருப்பான். பைப்பை ஒடைச்சவன்தான் சொல்லாம டப்பாவை நகத்துவான்" என்றார். என்னைப் பார்த்து, "அவனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டார். "கேட்டேங்க. அவரு ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன். பொய்யில்லை. ஆனால் அது அவரை எங்கே தள்ளும் என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. அண்ணன் தலைகுனிந்து நின்றார். அன்றே வேலை போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தேசூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். மனசு கேட்காமல் போய், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். சொன்னார்: "ரெண்டு மூணு நாளா அந்தப் பைப்பாண்ட நீங்கல்லாம் சத்தமா பேசிகினு இருந்தீங்கம்மா. எனக்கு மனசு அடிச்சிகினே இருந்துச்சு. எதனாலன்னு வேலை போனப்புறம்தான் புரிஞ்சிச்சு."

குழாயின் சீறல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கிறது. அதற்கு மேலே நாங்கள் கத்தியிருக்கிறோம். பேசாத மனிதர் எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவரைப் போன்றவர்களுக்கு முதலில் பயம் வருகிறது, காரணம் பிறகுதான் வந்து சேர்கிறது. நாம் காரணத்தை முதலில் கேட்கிறோம். அன்றே முதலாளியிடம் ஓடியிருக்க வேண்டும். என் வேலையும் போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஊரெல்லாம் வாயாடி என்று பெயரெடுத்தவள்!

இணைப்பு மாற்றியதும் பழையபடி அதே குழாயடியில்தான் சாப்பிடுகிறோம். போன வாரம் சாப்பிடும்போது, புதிதாகச் சேர்ந்த பெண் என்னிடம் கேட்டாள்: "ஏன்க்கா கத்தறே? பக்கத்துலதானே இருக்கறேன்?"

டப்பாவும் கையுமாக எழுந்தேன். எல்லோரையும் எழுப்பிக் களத்துக்கு விரட்டிவிட்டு, மேஸ்திரியின் கையைப் பிடித்து இழுத்துப் பாய்லரை நிறுத்த வைத்தேன். இணைப்பில் விரல் நீளத்துக்கு விரிசல். முதலாளி வந்து அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சிச்சு?"

அதே கேள்வி. அண்ணன் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன்.

"பாய்லர் அண்ணன் சொன்னாருங்க. நீங்க அனுப்பிச்ச ஒரு வாரத்துல சொன்னாரு. பைப்பு சத்தம் ஏற ஏற நாங்க கத்திப் பேசினத வெச்சுத்தான் அவருக்குத் தெரிஞ்சிதாம். அவரு ஒண்ணும் செய்யலைங்க. நான்தான் ஆறு வருஷமா உங்களாண்ட வந்து சொல்லலை."

கையிலிருந்த டப்பாவைத் தரையில் வைத்தேன். அது ஆடி நிற்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.