நேரம் சொல்லி வைத்த போன்

என் தங்கைக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு இருப்பதாக வைத்தியர் சொன்னார். நாங்கள் அவளை விட்டுவிடுவோம் என்ற பயம் வந்தால் கோபப்பட்டுக் கத்துவாள். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் தங்கி வேலை செய்கிறாள், அம்மாவோடு பேசுவது போனில்தான். நான் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். எதற்கும் பட்டியல் போடுவேன். தங்கையைச் சமாளிக்க அம்மாவுக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்றாவது: அவள் கத்தினால் போனை அணைத்து வையுங்கள்.

ஒரு மத்தியானம் அம்மா அப்படியே செய்தார். போனை மீண்டும் போட்டபோது, "இனி உங்களுக்கு என்னால கரைச்சல் இல்ல" என்று தங்கையின் குறுஞ்செய்தி கிடந்தது. நாங்கள் அழைத்தோம், எடுக்கவில்லை. வேலையிடத்திலும் அவள் இல்லை. இரண்டு மணித்தியாலம் பதறித் தேடிய பிறகு, சீருடையோடு கல்லடியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னை விட்டுட்டீங்க தானே அம்மா?"

"இல்ல புள்ள. நீ கத்தினா எனக்கு நெஞ்சு படபடக்கும், அதான் வெச்சிட்டன். திரும்ப எடுப்பன் எண்டு சொல்லாதது பிழைதான்."

பிழை என்னுடையது. பட்டியலில் போனை வைப்பது இருந்தது. திரும்ப அழைப்பது இல்லை. இப்போது நானும் அம்மாவும், "ஆறு மணிக்கு எடுக்கிறன்" என்று நேரம் சொல்லித்தான் வைக்கிறோம், சொன்னபடி அழைக்கிறோம். கோபம் இன்னும் வருகிறது, ஆனால் அவளால் ஆறு மணிவரை காத்திருக்க முடிகிறது.

நேற்று மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா அவளை அழைக்க மூன்று நிமிடம் பிந்திவிட்டார். என் போன் அடித்தது.

"அக்கா, உங்கட அம்மாட மணிக்கூடு ஓடுதில்லையா?" என்றாள் தங்கை, சிரித்துக்கொண்டு.