பச்சை விழுந்ததும் தெரியவில்லை

மலேசியாவில், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். முதுகு பிடித்துக்கொண்டபோது கிளினிக்கில் தசையைத் தளர்த்தும் மாத்திரை கொடுத்தார்கள். "தூக்கம் வரும்க்கா, இதப் போட்டுட்டு வண்டி ஓட்டாதீங்க," என்றார் டாக்டர். முதுகுக்கான மாத்திரை கண்ணை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். காலையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மேரு சிக்னலில் ஒரு சிறுமி என் தோளை உலுக்கினாள். "ஆன்டி, பச்சை விழுந்திருச்சு லா!"

வேனில் ஒன்பது பிள்ளைகள். ஓரங்கட்டிச் சாவியை உருவினேன். தங்கையை வரவழைத்து வேனை ஓட்டச் சொல்லி அவர்களை அனுப்பினேன். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

அந்தச் சிறுமியின் அம்மா, "நாளைக்கு யாரு ஓட்டுவா?" என்றார்.

"மாத்திரை முடியற வரைக்கும் என் தங்கச்சி. நான் சாவியத் தொட மாட்டேன்."

அந்த வாரம் முழுதும் பின்சீட்டில், என்னை எழுப்பியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.