ஒரே ஃபோனில் கூடிய ஆயிரம் வாட்ஸ்

எனக்கு வேலை போகப்போகிறது என்று நான் உறுதியாக நம்பிய ஒரு காலை உண்டு. விருதுநகரில் ஒரு ஆடியோ கடையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில், வீட்டுக்கு வீடு டிவிடி பிளேயர் நுழைந்துகொண்டிருந்த காலம். பிளேயர் வாங்கியவர்கள் எல்லாரும் அடுத்து ஆம்ப்ளிஃபயருக்கு வந்து நிற்பார்கள். கம்பெனி செட் வாங்க முடியாதவர்களுக்கு நாங்களே அசெம்பிள் செய்து கொடுப்போம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்திருந்த எனக்குப் பின்னால் பெஞ்சில் சால்டரிங், முன்னால் கவுண்டரில் சேல்ஸ், இரண்டும். கூட்டம் சேர்ந்தால் டீ சொல்லும் வேலையை மட்டும் முதலாளி பார்த்துக்கொள்வார்.

முதலாளி காசிம் பாய் நல்ல மனிதர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். வாட்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தாராளம்.

"ராணி, வர்றவுக மொதல்ல எத்தன வாட்ஸுன்னுதான் கேப்பாக. பெரிய நம்பர் மேல கைய வச்சுக் காட்டு. அதுக்கப்புறம் நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஷோகேஸில் நாலு மாடல். முன்பக்க ஸ்டிக்கரில் 600, 1000, 1500, 2000 என்று கொட்டை எழுத்தில் நம்பர். பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. கண்ணிமைக்கிற நேரத்துக்கு உச்சத்தில் போய் முட்டினால் எவ்வளவு வரும் என்று குத்துமதிப்பாகப் போட்ட கணக்குக்குத்தான் அந்தப் பெயர். தொடர்ந்து நின்று கொடுக்கிற வாட்ஸ் ஆர்.எம்.எஸ். அதை எந்த ஸ்டிக்கரிலும் போட மாட்டோம். போட்டால் இருபது, முப்பது என்றுதான் வரும். குண்டு பல்பைவிடக் குறைச்சலா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

1. லென்ஸோடு வந்தவர்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் கருப்பசாமி, சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். அந்த அக்கா முத்துலட்சுமி, பட்டாசுக் கம்பெனியில் பெட்டி போடும் வேலை. போனஸ் அக்காவுடையது. அதனால் பேச்சும் அக்காவுடையதாகவே இருந்தது.

"போன தீவாளிக்கு வேற ஊர்ல ஒண்ணு வாங்குனோம் தாயி, ரெண்டாயிரம் வாட்ஸுன்னு. பொங்கலுக்குள்ள பொக வந்துருச்சு. எங்க அத்த பட்டாசுக்கு மருந்து அடைக்குற செட்டுல வேல பாத்தவுக. பொகையக் கண்டா நடுங்குவாக. இனிமே இந்த வீட்டுல பாட்டுப் பெட்டியே கூடாதுன்னுட்டாக. ஒரே ஒரு தடவன்னு கெஞ்சிக் கூத்தாடி வந்திருக்கேன். இதுவும் பொகஞ்சா அம்புட்டுத்தேன்."

"அம்புட்டு ஆசையாக்கா?" என்றேன்.

"பட்டாசுச் செட்டுக்குள்ள ரேடியோ, ஃபோன் ஒண்ணும் கொண்டுபோகக் கூடாதுல்ல. ஆறு நாளும் பாட்டில்லாமக் கெடக்கேன். ஞாயித்துக்கெழமையாச்சும் நான் கேக்க வேண்டாமா?"

பாடம் ஒப்பித்ததுபோல நான் 2000 மேல் கை வைத்தேன். கருப்பசாமி அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். பிரஸ்காரர்கள் அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்டிக்கர் மேல் அதை வைத்துக் குனிந்து பார்த்தார். பிறகு 600, 1000, 1500 ஆகியவற்றையும் பார்த்தார்.

"செவப்பு மை ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கு பாருங்க. இது நான் அடிச்சதுதேன். நாலு நம்பரும் ஒரே ஷீட்டு" என்றார் நிதானமாக. "மொதல்ல ஆயிரத்தைநூறு வரைக்குந்தான் ஆர்டரு. இந்த நாலாவதுக்கும் ஆயிரம்னுதான் சொல்லிருந்தாக. பிளேட்டுப் போடப்போற நேரம் பாத்து ஒரு ஃபோன் வந்துச்சு. ரெண்டாயிரமாக்கிருங்கன்னு. ஒரே ஃபோன்ல ஆயிரம் வாட்ஸு கூடிப்போச்சு."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். 2000 மாடலுக்குப் பர்ஸை எடுத்திருந்த ராஜபாளையத்துக்காரர் ஒருவர் பர்ஸை மறுபடி பைக்குள் வைத்தார். காசிம் பாய் கையில் டீ கிளாஸோடு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை ஆராய்ச்சி செய்தார்.

"உள்ள நெசமா எம்புட்டுத் தாயி இருக்கு?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

பொய் சொன்னால் அந்த வீட்டில் இன்னொரு தடவை புகை வரும். உண்மையைச் சொன்னால் நாளைக்கு நான் வீட்டில் இருப்பேன். மாமியாரிடம் கெஞ்சி வந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பொய் வரவில்லை.

"முப்பதுக்கா. ரெண்டு பக்கமும் சேத்து. ஸ்டிக்கர்ல இருக்கது கண்ணிமைக்குற நேரத்துக் கணக்கு" என்றேன்.

2. தூக்கிப் பார்த்த கை

அக்கா கோபப்படவில்லை. "அப்ப நீங்க எழுதியிருக்கது அணுகுண்டு வெடிக்குற அந்த ஒரு நொடிச் சத்தம். பாட்டு சரவெடியாட்டம்ல, நிக்காம வரணும்?" என்றார். பி.எம்.பி.ஓ.வுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குப் பாலிடெக்னிக்கில் கிடைக்கவில்லை.

அப்புறம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு செட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தார். "சீல் வச்ச பெட்டியத் தூக்குனா ஒரு பாக்கெட்டு கொறஞ்சாலும் என் கை சொல்லிரும்" என்றார். 2000 மாடலைத் தூக்கியதும், "இது வெறும் பெட்டி" என்று வைத்துவிட்டார். மூலையில் தூசி படிந்து கிடந்த 600 மாடலைத் தூக்கினார். முழங்கை இறங்கியது.

"இதுலதான் சரக்கு இருக்கு."

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்து இரண்டு மூடியையும் கழற்றினேன். 2000 மாடலில் முன்பக்கம் வரிசையாகக் கலர் லைட், உள்ளே, நின்று கரண்ட் கொடுக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. 600 மாடலை அசெம்பிள் செய்த அன்று 3 ஆம்ப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் அதைவிடப் பெரிய, கனமான 5 ஆம்ப்ஸ் போட்டிருந்தேன். சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கும் பெரியது. லைட் கிடையாது என்பதால் அதை யாரும் சீண்டவில்லை. நானே அதை மறந்துபோயிருந்தேன்.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க" என்றார் ராஜபாளையத்துக்காரர்.

காசிம் பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ராணி, அந்த ஸ்டிக்கரயெல்லாம் கிழி." அண்ணனைப் பார்த்து, "புதுசா அடிச்சுத் தாங்க. நம்பர இந்தப் பிள்ளை சொல்லும். நான் ஃபோனத் தொட மாட்டேன்" என்றார். என் வேலை தப்பியது.

3. மணல் வாளி

அக்கா வாங்கிய அந்த 600 செட்டை மாட்டிக் கொடுக்க ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். அத்தை, ஆம்ப்ளிஃபயர் வைக்கப்போகும் மேஜைக்குப் பக்கத்திலேயே, பட்டாசுக் கம்பெனிகளில் இருக்குமே அதே மாதிரி, வாளி நிறைய மணலோடு உட்கார்ந்திருந்தார்.

"நீ மாட்டு. நான் இங்கனதான் இருப்பேன்" என்றார்.

அண்ணன் நாலு ஸ்பீக்கர் வைத்திருந்தார். பழைய செட்டில் நாலையும் ஒரே லைனில் கொடுத்திருக்கிறார். அப்படிக் கொடுத்தால் ஓம்ஸ், அதாவது மின்தடை, இறங்கி, கரண்டை அதிகமாக இழுத்து செட் சூடேறும். சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் இரண்டை மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டினேன். வால்யூமைக் கால்வாசி திருப்பியதும் தெருவே திரும்பிப் பார்த்தது. முத்துலட்சுமி அக்கா கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அத்தை மட்டும் செட்டின் மூடியை நிமிஷத்துக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாளியை நகர்த்தவில்லை.

4. கடப்பா கல்

புது ஸ்டிக்கரில் 15 + 15 என்று போட்டோம். முதல் வாரம் ஒருவரும் வாங்கவில்லை. காசிம் பாய் பக்கத்து மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் தராசை இரவல் வாங்கிவந்து கவுண்டரில் வைத்தார். பழைய 2000 செட்டையும் புதுச் செட்டையும் நிறுத்துக் காட்டி, அப்புறம் மூடியைத் திறந்து காட்டினோம். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. "அந்த நாலு கிலோ செட்டு இருக்கா?" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் முத்துலட்சுமி அக்கா முகம் வாடி வந்தார். கூடவே பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பில் ஒரு செட்.

"நீதான கனமாப் பாத்து வாங்குன்னு சொன்ன? இம்புட்டுக் கனம், கொசு மாதிரில்ல பாடுது!" என்று அக்காவைப் பிடித்து ஏசிக்கொண்டே வந்தது அந்தப் பெண். வாங்கியது எங்கள் கடையில் இல்லை. மூடியைத் திறந்தேன். சுண்டைக்காய் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, அதற்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய கடப்பா கல் துண்டு ஒன்று. ஏச வந்த பெண்ணே விழுந்து விழுந்து சிரித்தது. காசிம் பாய், "வீடு கட்டுறவுகளுக்கு ஆகும்" என்று கல்லை எடுத்து ஷோகேஸில் வைத்தார். அது கடைசிவரை அங்கேயேதான் இருந்தது.

கல்லை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினேன். அதை மாட்டிக் கொடுக்க மறுபடி ஏழாயிரம்பண்ணை. வேலை முடிந்து அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்த 600 ஸ்டிக்கர் இருந்த இடத்தில், கருப்பசாமி அண்ணன் காலண்டர் ஷீட்டின் ஓரத்தில் அடித்த புது ஸ்டிக்கர். வாட்ஸ் ஒன்றும் இல்லை. 'முத்துலட்சுமி' என்று மட்டும் இருந்தது. சிவப்பு ஒரு நூல்கூடத் தள்ளவில்லை.

இப்போது என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம்பரை யாரும் அச்சடித்துவிடலாம், கனத்தைக் கல் வைத்து ஏற்றிவிடலாம். வாங்க வந்தவர் கேட்கும் முன்னால் நீங்களே மூடியைத் திறந்து காட்டுங்கள்.

அன்று அந்த வீட்டில் அத்தையின் மணல் வாளியைத் தேடினேன். அத்தை, மணலைக் கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அதன் மேல் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏத்தா ராணி, இன்னுங் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?" என்றார்.