பதிலுக்கு ஒரு சைக்கிள்

மிக்தாலியாவின் வாசலில் தொங்கிய அட்டையில் இரண்டு வரிகள் இருந்தன. "சைக்கிள் ஸ்டாண்டு" என்பது முதல் வரி. "இங்கே விட்ட வண்டிக்கு நான் பொறுப்பு" என்பது இரண்டாவது. அந்த இரண்டாவது வரியை எழுதச் சொல்லி லைசென்ஸ் கொடுத்தவர்களும் கேட்கவில்லை, வண்டி விட வந்தவர்களும் கேட்கவில்லை. அவளாகத்தான் வீறாப்பாக எழுதிக்கொண்டாள். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஹவானாவில் அப்படி எழுத நெஞ்சழுத்தம் வேண்டும், இல்லையென்றால் புத்தி மட்டாக இருக்க வேண்டும். மிக்தாலியாவிடம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன.

பெட்ரோல் நின்று, பஸ் நின்று, ஊரே சீனத்துச் சைக்கிளில் ஏறியிருந்த காலம். அவள் சட்டை தைத்த பட்டறை நூல் இல்லாமல் மூடிவிட்டது. கணவன் ராமிரோ அக்கரை நாட்டுக்குத் தப்பிப் போக லாரி டியூப்களைச் சேர்த்துக் கட்டிக் கடலில் இறங்கிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று ஒரு வரி வரவில்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது தெருவைப் பார்த்த முன்னறையும் அதன் கம்பிக் கதவும்தான். சோபாவை விற்றாள், சுவரோடு சங்கிலி ஓட்டினாள், தகரத்தை வெட்டி நம்பர் அடித்து டோக்கன் செய்தாள். டோக்கனில் ஒரு பாதி ஹேண்டில்பாரில் தொங்கும், மறு பாதி வண்டிக்காரன் சட்டைப் பையில் இருக்கும். முப்பத்தெட்டு வண்டிக்கு இடம் இருந்தது. நாளெல்லாம் முக்காலியைப் போட்டுக் கதவருகே உட்கார்ந்திருப்பாள். ஒண்ணுக்குப் போவதாக இருந்தாலும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போவாள்.

வண்டி களவு போகாமல் பார்த்துக்கொள்வதே ஊரில் ஒரு முழுநேர வேலையாகியிருந்தது. ரொட்டி வாங்கப் போகிறவன் சீட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். ஐந்தாம் மாடிக்குத் தோளில் தூக்கிப் போய்க் கட்டில் காலோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் படுத்தார்கள். ஓட்டும்போதும் நிம்மதி கிடையாது. கரண்ட் போன ரோட்டில் கழுத்து உயரத்துக்குக் கம்பி கட்டி வைத்தார்கள், மறைவில் இரும்புக் குழாயோடு நின்றார்கள். அதனால் கேரியரில் வெட்டுக்கத்தி செருகிக்கொண்டு கூட்டம் கூட்டமாகத்தான் போனார்கள். இருபது கிலோ இரும்புக்காக ஆளைக் கொல்வார்களா என்று கேட்கிறவன் அந்த வருஷம் அந்த ஊரில் நடந்து பார்த்திருக்க மாட்டான்.

எர்மினியோ அவளுடைய முதல் வாடிக்கை. இரண்டு தெரு தள்ளி ரொட்டி அடுப்பில் வேலை செய்தான். வீடு கடல் குடாவுக்கு அந்தப் பக்கம், அலமார் என்ற புறநகரில். சைக்கிளோடு ஆட்களை ஏற்றிச் சுரங்கப் பாதை வழியாகக் கொண்டுவந்து விடும் பஸ்ஸில் வந்து இறங்கி, மீதி தூரத்தை மிதித்துக் கடப்பான். டோக்கன் வாங்கும்போது ஒரு கிண்டல் இல்லாமல் போக மாட்டான்.

"ராணி, உன் சோபா இருந்த இடத்துல என் வண்டி உக்காந்திருக்கு. மரியாதையா நடத்து."

"சோபாவாவது சத்தம் போடாம கிடந்துச்சு. உன் வண்டி உன்ன மாதிரியே கிறீச் கிறீச்ங்குது, போ."

சிரிப்பான், ஆனால் ஆள் பாதியாகியிருந்தான். சத்தில்லாத சாப்பாட்டால் ஊரில் பலருக்கு வந்த நோவு அவனுக்கும் வந்து, பாதம் இரண்டும் மரத்துப் போயிருந்தன. மிதிக்க முடிந்தது. நடந்தால்தான் காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் தடுக்கி விழுந்தான். வண்டி இருக்கும் வரைக்கும்தான் அவனுக்கு வேலை. இது அவளுக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டது. "முட்டை வந்திருக்கு! முட்டை!" மூன்று வாரமாக வராத முட்டை. மிக்தாலியா முக்காலியிலேயே கொஞ்ச நேரம் நெளிந்தாள். பிறகு ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, மூலைக் கடைக்கு ஓடினாள். பூட்ட நேரமில்லை, இரண்டே நிமிஷம்தான், வரிசையில் இடம் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அந்த ஊரில் வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு. போனதும் "கடைசி யாரு?" என்று கேட்க வேண்டும். கடைசி ஆள் கையைத் தூக்குவான், அதிலிருந்து நீ கடைசி. உனக்குப் பின்னால் ஒருவன் வந்து அதே கேள்வியைக் கேட்டு நீ கையைத் தூக்கிய பிறகு, எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், இடம் உன்னுடையது. அதற்கு முன்னால் நகர்ந்தால் போச்சு. மிக்தாலியா தயங்கித் தயங்கிப் போனதால் தெருவே அவளுக்கு முன்னால் நின்றது. அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. இதோ வருவான், இதோ வருவான் என்று கால் மணி நேரம் நின்றாள். கடைசியில் ஒரு கிழவர் வந்து "கடைசி யாரு?" என்று கேட்டதும் கையைத் தூக்கிவிட்டு ஓடி வந்தாள்.

கதவு திறந்து கிடந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுபட்டிருந்தது. முப்பத்தேழு வண்டிகள் இருந்தன. எர்மினியோவின் வண்டி இல்லை.

சாயங்காலம் அவன் வந்து பாதி டோக்கனை நீட்டினான். அவள் நடந்ததைச் சொன்னாள். முட்டையையும் மறைக்கவில்லை. அவன் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"நீ வேணும்னு செய்யல."

"இல்ல."

"எனக்குத் தெரியும். ஆனா உன் அட்டையில என்ன போட்டிருக்கு? படி பாக்கலாம்."

"உனக்கு வேற வண்டி நான் தேடித் தரேன்" என்றாள்.

பதில் வண்டி தேடி எங்கெல்லாமோ அலைந்தாள். வேலையிடங்களில் லிஸ்ட் போட்டுத்தான் சைக்கிள் கொடுத்தார்கள், ஒருமுறை வாங்கியவனுக்கு மறுமுறை கிடையாது. வெளியே ஒருவன் பதிலுக்குப் பன்றி கேட்டான். இன்னொருவன் கலர் டிவி கேட்டான். மிக்தாலியாவிடம் பன்றியும் இல்லை, டிவியும் இல்லை. ரொட்டி அடுப்பில் எர்மினியோவுக்கு ஒரு வாரம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அவன் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

ஐந்தாம் நாள் திபுர்சியோவிடம் போனாள். ஒரு பழைய வீட்டின் வாசல் வளைவில் பெஞ்சு போட்டு பஞ்சர் ஒட்டுகிறவன், தேன் ஒழுகப் பேசுவான்.

"கண்ணு, புது வண்டி எல்லாம் மந்திரி வீட்டுப் பிள்ளைக்கு. நமக்கு ஒட்டு வண்டிதான். சக்கரம் என்கிட்ட இருக்கு. ஃபிரேம் ஒண்ணு வந்திருக்கு. என்ன குடுப்பே?"

"ராமிரோவோட தோல் செருப்பு ஒரு ஜோடி இருக்கு. நாலு சோப்பு."

"போதும். ரெண்டு நாள் கழிச்சு வா."

போதும் என்று அவன் அவ்வளவு சுளுவாகச் சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பன்றிக்கும் டிவிக்கும் போகிற பொருள் பழைய செருப்புக்குப் போகுமா? இரண்டு நாள் கழித்து வண்டியைத் தடவிப் பார்த்தாள். சுவருக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்ட் இன்னும் காயாமல் விரலில் ஒட்டியது. பெடல் அச்சுக்கு அடியில் நம்பர் இருக்க வேண்டிய இடம் அரத்தால் ராவப்பட்டிருந்தது. முன்பக்கக் குழாயில் இரண்டு சின்ன இரும்பு முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. முன்னால் உட்காரும் குழந்தை கால் வைத்துக்கொள்வதற்காக யாரோ பற்றவைத்த கம்பியை அறுத்த மிச்சம் என்று பார்த்ததுமே புரிந்தது. திபுர்சியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கண்ணு, ஏதாச்சும் கேக்கணுமா?"

"ஒண்ணுமில்ல. பிரேக் பிடிக்குமா?"

"உன்னைவிட நல்லாப் பிடிக்கும்."

விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். எர்மினியோ அதன் மேல் ஏறி உட்கார்ந்ததும் அவன் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது. "பச்சைக் கிளி மாதிரி இருக்கு ராணி, பறந்து போயிடாம பாத்துக்கணும்" என்றான். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பத்து நாள் கழித்து எர்மினியோவின் மனைவி நோர்க்கா வந்தாள். பதினைந்து கிலோமீட்டர் நடந்து வந்த கால் தூசியோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரப் போலீசுல பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. சைக்கிள் பஸ் வரிசையில நின்னப்போ ஒரு பொம்பள ஓடி வந்து ஹேண்டில்பாரப் பிடிச்சுகிட்டா. அவ புருஷன் வண்டியாம். ஒரு மாசம் முந்தி குழாயால அடிச்சுப் போட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஆளு செத்துட்டான். அமாதோன்னு பேரு. பொண்ணுக்காக அவன் கையால பத்தவெச்ச கம்பியாம், மிச்சத்த வெச்சு அடையாளம் கண்டுட்டா."

மிக்தாலியா முக்காலியை அவள் பக்கம் தள்ளினாள், அவள் உட்காரவில்லை.

"ஸ்டாண்டுக்காரி குடுத்தாள்னு அவரு சொல்றாரு. நம்ப மாட்டேங்கறாங்க. வந்து ஒரு வார்த்தை சொல்லு."

"வரேன். நாளைக்கு வரேன்."

நோர்க்கா போனதும் அவள் போலீசுக்குப் போகவில்லை. பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. திருட்டுச் சாமான் வாங்கினவளுக்கும் ஜெயில் உண்டு, லைசென்ஸ் போகும், வீட்டுக்குள் சோதனை வரும். தனியாகப் போய் மாட்டிக்கொள்வதைவிட, கொடுத்தவனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று திபுர்சியோவிடம் ஓடினாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கையிலிருந்த டியூபைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டான்.

"சரி கண்ணு. தப்பு என் மேல வராது, நானும் யார்கிட்டயோ வாங்கினதுதான். காலையில ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். அதுக்குள்ள நீ எங்கயும் வாயத் தொறக்காத."

அதை நம்பினாளா? நம்பினால் ஒரு ராத்திரி தள்ளிப்போடலாம் என்று நம்பினாள். காலையில் வாசல் வளைவில் பெஞ்சு இல்லை, காற்றடிக்கிற பம்பு இல்லை, திபுர்சியோவும் இல்லை. கிராமத்துக்குப் போயிருப்பான், தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பான், வருவான் என்று இன்னும் நாலு நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வண்டி விட வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

தரைத்தளத்து அறையில் ஜன்னலோரம் பெஞ்சு. அதில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடக் காத்திருந்தாள். அவள்தான் அமாதோவின் மனைவி என்று யாரும் சொல்லாமலே மிக்தாலியாவுக்குத் தெரிந்துவிட்டது; கிசேலா என்ற பெயர் பிறகுதான் தெரிந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சின்ன வயசு, கண்ணில் தூக்கம். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். திபுர்சியோ பெயர் வந்ததும் பேனா நின்றது.

"எங்க இருக்கான்?"

"போயிட்டான்."

"எப்ப?"

"நான் போய்ச் சொன்ன மறுநாள்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நேரா இங்க வந்திருந்தீங்கன்னா அந்த ஆள் இப்ப உள்ள இருந்திருப்பான், தோழர். இப்ப அவன் எந்த மாகாணத்துல இருக்கானோ." பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "வாங்கும்போது திருட்டு வண்டின்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். பெஞ்சிலிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கேட்டா சொல்லிடுவான்னுதான் கேக்கல" என்றாள் மிக்தாலியா.

கிசேலா எழுந்து அவள் எதிரில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று மிக்தாலியா நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன குடுத்து வாங்கினே?"

"ஒரு ஜோடி செருப்பு. நாலு சோப்பு."

கிசேலா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதிகாரி அவளைக் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்துப் போகச் சொன்னார்.

"வழக்கு முடியற வரைக்கும் இங்கதான் இருக்கணும். ஆனா இங்க வெச்சா இங்கேர்ந்தும் போயிடும். எடுத்துட்டுப் போங்கம்மா."

"எனக்கு ஓட்டத் தெரியாது. அவருதான் ஓட்டுவாரு, நான் பின்னாடி உக்காருவேன்."

அதிகாரி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து எர்மினியோவைக் கூட்டி வந்து, போகலாம் என்று விட்டார்கள். ஆறு நாள் தாடி. சுவரைத் தடவித் தடவி வந்தான், காலைத் தூக்கி வைக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தான். மிக்தாலியா பாதி எழுந்தாள். அவன் அவளைப் பார்த்தான், பார்த்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு போனான்.

ஜன்னல் வழியாக அவளுக்குத் தெருவாசல் தெரிந்தது. கிசேலா பச்சை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எர்மினியோ இரண்டு படி இறங்கி, மூன்றாவது படியில் கால் தவறி உட்கார்ந்துவிட்டான். ஒருவனால் நடக்க முடியாது, ஒருத்திக்கு ஓட்டத் தெரியாது, இரண்டு பேருக்கும் போக வேண்டியது குடாவுக்கு அந்தப் பக்கம். கடைசியில் கிசேலா வண்டியை அவன் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவன் ஹேண்டில்பாரைப் பிடித்து எழுந்து ஏறினான். அவள் கேரியரில், புருஷன் பின்னால் எப்போதும் உட்கார்ந்த இடத்தில், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் முதுகில் படாமல் சீட்டின் அடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி ஆடி ஆடிக் கிளம்பி மூலை திரும்பியது. அதிகாரி மிக்தாலியாவை மேஜைக்குக் கூப்பிட்டு அவள் வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்.