பூநாரைக் கூட்டம் கிளம்பிய பிறகு

மார்கழியில் என் தங்கையின் கணவர் போன படகு கடலில் கவிழ்ந்தது. கூடப் போன இருவர் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவர் வரவில்லை. அவர் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்து ஆட்கள் படகு படகாகப் போய்த் தேடியும் உடம்புகூடக் கிடைக்கவில்லை. பங்குனியில் அவள் ஒரு துணிப்பையோடு பழவேற்காட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பொன்னேரியில் டீச்சர், தனியாக இருப்பவள். நான் சொன்னால் அவள் குளிப்பாள், தட்டில் போட்டால் சாப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

எனக்குப் பல வருஷமாகப் பறவை பார்க்கிற பழக்கம் உண்டு. கோடை விடுமுறை பாதி கழிந்த ஒரு விடியற்காலையில் அவளை எழுப்பினேன்.

"ஏரிப்பக்கம் போய்ட்டு வரலாம், வா."

"அங்கேருந்து கடல் தெரியுமா?"

"தெரியாது."

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்ததால் ஏரி உள்வாங்கிக் கிடந்தது. கரையோரம் வெடித்த சேறு, செத்த மீனின் வீச்சம். நடுவில் மிச்சமிருந்த தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. வழக்கமாக அந்த மாதத்துக்குள் வடக்கே கிளம்பிப் போயிருக்க வேண்டியவை. பைனாகுலரை அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் நான் எழுப்புவதற்கு முன்பே வாசலில் நின்றாள்.

அப்படித் தினமும் போனோம். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"அக்கா, அந்த ஓரத்துல ஒண்ணு இன்னா, கால இழுத்துனு நடக்குது?"

வாங்கிப் பார்த்தேன். கிழிந்த வலையின் நைலான் நரம்பு இரண்டு கால்களையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. ஓடிப் பறக்க வேண்டிய பறவை, இரண்டு எட்டு வைத்ததும் தடுக்கி விழுந்தது.

அன்று முதல் மற்ற எதையும் அவள் பார்க்கவில்லை. ஆலா, உள்ளான், கூழைக்கடா என்று நான் காட்டினால் தலையாட்டிவிட்டு மறுபடி அந்தப் பக்கமே திரும்புவாள். வீட்டில் என்னிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒன்றைப் பற்றியாவது கவலைப்படுகிறாளே என்று நினைத்தேன்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற அம்மா ஒருவர் அங்கே தினம் வருவார். அவரிடம் உதவி கேட்டோம்.

"ஆள் நெழலு பட்டாலே ஓடுமே அது, எப்டிம்மா புடிக்கிறது?" என்று சொன்னாலும் எங்களோடு இறங்கினார். முழங்கால்வரை சேறு. நாங்கள் நெருங்க நெருங்க அது விழுந்து எழுந்து இன்னும் உள்ளே போனது. தங்கை நிற்கவில்லை. இடுப்புவரை புதைந்த பிறகும் கையை நீட்டிக்கொண்டே முன்னால் சாய்ந்தாள்.

"பைத்தியமா உனுக்கு? வா இப்பால!" என்று கத்தியபடி அந்த அம்மா அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். நானும் சேர்ந்து இழுத்தேன். கரைக்கு வந்து மூவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். கத்தரிக்கோல் சேற்றோடு போய்விட்டது.

இரண்டொரு நாளில் பெரும் கூட்டம் கிளம்பியது. தண்ணீர்மேல் ஓடி, கழுத்தை நீட்டி, வரிசை வரிசையாக எழும்பி வடக்கே போயின. வேறொரு வருஷமாக இருந்தால் துள்ளியிருப்பேன். கால் சிக்கியது மட்டும் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் ஓடப் பார்த்தது, விழுந்தது, மறுபடி எழுந்து நின்றது.

மறுநாள் போனபோது சேற்றில் நாய்க்கால் தடங்கள். கரையருகே இளஞ்சிவப்பு இறகுகள் இறைந்து கிடந்தன. கழுத்தும் கால்களும் மிச்சமிருந்தன. நரம்பு அவிழாமல் அப்படியே இருந்தது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அதை நகத்தால் பிரிக்கத் தொடங்கினாள். நெடுநேரம் பிரித்தாள்.

"இதுக்காவது உடம்புனு ஒண்ணு கெடச்சுது, இல்லக்கா?" என்றாள்.

கணவர் போனதிலிருந்து அவரைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அவள் தோளைத் தொட்டேன். கையைத் தள்ளவும் இல்லை, சாயவும் இல்லை.

அதன்பின் அவள் ஏரிக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது படுத்திருப்பாள், திரும்பி வரும்போதும் அதே பக்கமாகப் படுத்திருப்பாள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை தந்தார். தூக்கம் கூடியது, வேறு மாற்றமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் ஏரிக்குப் போனேன். ஆனிக் காற்று மண்ணை வாரி அடித்தது. தண்ணீர் இன்னும் சுருங்கி, பறவை என்று சொல்ல இரண்டு கொக்குகள்தான் நின்றன. இறால் பிடிக்கும் அம்மா வெறுங்கையோடு கரையேறி வந்தார்.

"தங்கச்சி எப்டிக்கீது?"

"அப்படியேதான் இருக்கா."

"ஏரியும் அப்டித்தான் கீது," என்று சொல்லிவிட்டுப் சேறு படிந்த புடவையைப் பிழிந்தார். வெயில் ஏறியதும் அவரவர் வழியில் நடந்தோம்.